அடுப்பில்லாத வகுப்பறை

லடாக்கின் லே நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் அங்கே வெப்பநிலை மைனஸ் 15, மைனஸ் 20 என்று இறங்கிவிடும். குழாய்த் தண்ணீர் உறைந்து, விரிந்து, குழாயையே பிளந்துவிடும். அந்த ஊரிலிருந்து சற்றுத் தொலைவில், சிந்து நதிக்கரையில் ஃபே என்றொரு சிற்றூர். அங்கே ஒரு கல்வி வளாகம் இருக்கிறது. அதே ஜனவரியில் அதன் அறைகளுக்குள் வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி நிற்கிறது. மாணவர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் படிக்கிறார்கள். ஹீட்டர் ஓடவில்லை. விறகு எரியவில்லை. டீசல் நெடி இல்லை. சுற்றிலும் இருப்பது மண்சுவர்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கும் மாகறல்காரருக்கு இந்தச் சங்கதி எதற்கு என்று கேட்கலாம். மாகறலில் குளிர் என்றால் மார்கழி விடியலில் ஒரு துண்டைப் போர்த்திக்கொள்ளும் அளவுதான். ஆனால் லடாக் வகுப்பறை கதகதப்பாக இருப்பதற்கும், பங்குனி மாதத்தில் நம் ஊர் வகுப்பறை கொதிப்பதற்கும் பின்னால் இருக்கும் இயற்பியல் ஒன்றே. அங்கே அதைக் கவனித்துக் கட்டினார்கள். நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கட்டுகிறோம்.

எரிக்காமல் ஒரு குளிர்காலம்

செக்மால் எனப்படும் லடாக் மாணவர் கல்வி, பண்பாட்டு இயக்கம் 1988-இல் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் சோனம் வாங்சுக். ஸ்ரீநகரில் பொறியியல் படித்தவர். பின்னாளில் பிரான்சின் கிரெனோபிள் நகருக்குப் போய் மண் கட்டடக்கலை பயின்றவர். 2018-இல் ரமோன் மகசேசே விருது பெற்றவர். பத்தாம் வகுப்பில் தோற்றுப்போன பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த செக்மாலின் ஃபே வளாகத்தில், சுவர் எழுப்பும் வேலையில் மாணவர்களும் கைகொடுத்தார்கள். மண் கட்டடங்களுக்கென 2016-இல் பிரான்சின் லியோனில் வழங்கப்பட்ட சர்வதேச டெரா விருது இந்த வளாகத்துக்குக் கிடைத்தது. பிறகு ஃபியாங் கிராமத்தில், மாற்றுப் பல்கலைக்கழகம் என்ற கனவோடு வாங்சுக் தொடங்கிய இமாலயன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் ஆல்டர்னேடிவ்ஸ் நிறுவனமும் இதே கட்டட முறையைப் பின்பற்றியது.

இந்த முறை ஏன் தேவைப்பட்டது? லடாக்கின் பழைய வீடுகள் வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல்லால் ஆனவை. கூரையில் பாப்லர் உத்தரம், அதன்மேல் வில்லோ மிலாறு, அதன்மேல் மண். குளிர்காலத் தீவனத்தைக் கூரைமேல் அடுக்குவதால் அதுவே ஒரு போர்வையாகும். சாலை வந்தபின் சிமெண்ட்டும் கம்பியும் லாரியில் ஏறி வந்தன. சோஜிலா கணவாய் பனியில் மூடிக்கொள்ளும் மாதங்களில் அந்த லாரியும் வராது. சமவெளியில் போடப்பட்ட அதே வரைபடத்தோடு அரசுக் கட்டடங்கள் எழுந்தன. மெல்லிய கான்கிரீட் சுவர் வெப்பத்தைத் தாராளமாக வெளியே விடும். எனவே ஒவ்வோர் அறையிலும் புகாரி என்னும் இரும்பு அடுப்பு வந்தது. அதற்கு விறகு போட்டுக்கொண்டோ, மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றிக்கொண்டோ இருக்க வேண்டும். அடைத்த அறையில் புகைபோக்கி சரியில்லை என்றால் கார்பன் மோனாக்சைடு உயிரையே எடுக்கும்.

இத்தனைக்கும் லே ஒரு குளிர்ப் பாலைவனம். ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழைதான். ஆண்டின் பெரும்பாலான நாட்களில் வானம் நீலமாகத் திறந்து கிடக்கும். காற்று மெல்லியது, ஈரமற்றது. தெளிந்த குளிர்கால நண்பகலில் தெற்கு பார்த்த சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 800 வாட் வெயில் விழுகிறது. அந்த வெயிலை வாங்குவது, வைப்பது, விடாமல் காப்பது என்ற மூன்று வேலைகளையும் கட்டடமே பார்த்துக்கொண்டால் புகாரிக்கு வேலை இல்லை.

சூரியன் நிற்கும் இடம்

வாங்குவதில் தொடங்குவோம். இதற்குத் தேவை கொஞ்சம் கோணக் கணக்கு.

லே 34 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 வாக்கில் நண்பகலில் அங்கே சூரியன் தொடுவானத்திலிருந்து 32 டிகிரி உயரத்துக்குத்தான் ஏறும். தெற்கு வானில் தாழ்ந்து நிற்கும் அந்த வெயில் செங்குத்துச் சுவரை ஏறக்குறைய நேராக அறையும். ஜூன் 21-இல் அதே சூரியன் 79 டிகிரிக்கு ஏறிவிடுகிறது. அப்போது வெயில் கூரைமேல் கொட்டும். தெற்குச் சுவரை உரசிக்கொண்டு கீழே போய்விடும். கணக்குப் போட்டுப் பார்த்தால், தெற்குச் சுவரில் நேராக விழும் நண்பகல் வெயில் கோடையைவிடக் குளிர்காலத்தில் நான்கு மடங்குக்கும் அதிகம். வேண்டும்போது நிறைய, வேண்டாதபோது கொஞ்சம். இயற்கை கொடுத்திருக்கும் இந்தச் சலுகை தெற்குச் சுவருக்கு மட்டுமே உண்டு. கிழக்குக்கும் மேற்குக்கும் கிடையாது.

ஜன்னல்மேல் ஒரு சன்ஷேடு போட்டால் இந்தச் சலுகை இன்னும் கூர்மையாகும். லேயில் ஓரடி நீட்டிய சன்ஷேடு, ஜூன் நண்பகலில் ஐந்தடி உயர ஜன்னல் முழுவதையும் நிழலில் வைத்துவிடும். டிசம்பரில் அதே சன்ஷேடின் நிழல் எட்டு அங்குலம்கூட இறங்காது. மீதி ஜன்னல் முழுக்க வெயில்தான். ஏழடி உயரத்தில் முடியும் ஜன்னல் வழியே நுழையும் டிசம்பர் வெயில், தரையில் பதினோரு அடி தூரம் உள்ளே வந்து படுக்கும். மோட்டார் இல்லை, சென்சார் இல்லை. ஒரு சிமெண்ட் பலகை ஆண்டு முழுவதும் தானாகவே திறந்து மூடுகிறது.

மாகறலில் இந்தக் கணக்கு எப்படி? நாம் ஏறத்தாழ 12.7 டிகிரியில் இருக்கிறோம். டிசம்பர் நண்பகலில் சூரியன் 54 டிகிரியில் நிற்கும். ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 19-ஐ ஒட்டியும் நேர் உச்சிக்கு வரும். அந்த இரு நாட்களிலும் நட்டுவைத்த குச்சிக்கு நண்பகலில் நிழல் இருக்காது. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜூன் 21 நண்பகலில் லேயிலும் மாகறலிலும் சூரியனின் உயரம் ஒன்றேதான், 79 டிகிரி. ஆனால் லேயில் அது உச்சியிலிருந்து தெற்கே சாய்ந்திருக்கும், மாகறலில் வடக்கே சாய்ந்திருக்கும். ஒரே நாள், ஒரே உயரம், எதிரெதிர்த் திசை. லேயில் எழுதிய வரைபடத்தை மாகறலிலோ, மாகறலில் எழுதியதை லேயிலோ அப்படியே கட்ட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

உடும்பின் வழி

மாகறலின் திருமாகறலீஸ்வரர் கோயில் சம்பந்தர் பாடிய தலம். பொன்னிற உடும்பு ஒன்றைச் சோழ மன்னன் துரத்த, அது புற்றுக்குள் நுழைந்ததாகத் தல வரலாறு. மூலவர் உடும்பின் வால் வடிவில் இருப்பதாகச் சொல்வார்கள். தல வரலாறு பக்தருடையது. உடும்பின் வாழ்முறையில் நமக்கொரு பாடம் உண்டு. நம்மைப்போல உடலுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கிக்கொள்ள உடும்பால் முடியாது. காலையில் வளையைவிட்டு வந்து, உடம்பை வெயிலுக்கு வாகாகத் திருப்பிக்கொண்டு கிடக்கும். சூடேறியபின் இரைக்குப் போகும். பொழுது சாய்ந்தால் வளைக்குள் புகுந்து, மண் தரும் காப்பில் இரவைக் கழிக்கும். ஃபே வளாகம் செய்வதும் இதைத்தான். பகல் முழுக்கத் தெற்கே முகம் காட்டி வெயில் காய்கிறது. இரவில் மண்ணுக்குள் ஒடுங்கிக்கொள்கிறது.

பகல் வெயிலை இரவுக்கு வைத்துக்கொள்ள ஒரு களஞ்சியம் வேண்டும். காற்றால் அது முடியாது. ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோஜூலுக்குச் சற்று மேல் போதும். அதே அளவு இடித்துக் கெட்டித்த மண்ணுக்கு ஆயிரம் மடங்குக்கும் அதிகம் தேவை. அவ்வளவு வாங்கினால்தான் அவ்வளவு திருப்பிக் கொடுக்க முடியும். ஹீட்டர் வைத்துக் காற்றை மட்டும் சூடாக்கிய அறை, கதவைத் திறந்த நிமிடத்தில் குளிர்ந்துவிடும். மண்சுவர் சூடேறிய அறையில் கதவைத் திறந்து மூடினாலும், சுவர் மீண்டும் காற்றைச் சூடாக்கிவிடும்.

ஃபேயில் குளிர்காலம் தொடங்கும்போது கட்டடத்தின் தெற்கு முகப்பில் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டி ஒரு பசுமைக்குடில் அமைக்கிறார்கள். சூடான காற்றை அது பிடித்து வைக்கிறது. அந்த வெப்பம் அறைகளுக்குள் போகிறது. அந்தக் குடிலில் கீரையும் காய்கறியும் வளர்கின்றன. கோடை வந்ததும் விரிப்பைச் சுருட்டி எடுத்துவிடுவார்கள். இல்லையென்றால் லடாக்கிலும் அறை வெந்துவிடும். விலை உயர்ந்த தொழில்நுட்பம் எதுவும் இதில் இல்லை. எந்த மாதம் கட்டுவது, எந்த மாதம் அவிழ்ப்பது என்ற அறிவு மட்டும் போதும்.

ஒன்பது மணிக்கு ஒரு சுவர், இரவுக்கு ஒரு சுவர்

லேக்குப் பக்கத்தில் ஷே என்ற ஊரில் ட்ருக் வெள்ளைத் தாமரைப் பள்ளி இருக்கிறது. 2009-இல் வந்த ‘த்ரீ இடியட்ஸ்’ இந்திப் படத்தில் அமீர்கானின் பள்ளிக்கூடமாக வந்தது இதுதான். லண்டனின் அரூப் நிறுவனம் வடிவமைத்தது; 2001-இல் திறந்தது. நிலநடுக்கப் பகுதி என்பதால் கூரையின் பாரத்தை மரச்சட்டகம் தாங்கும்படியும், சுவர்கள் தனியே நிற்கும்படியும் கட்டினார்கள். 2002-இல் உலகக் கட்டடக்கலை விருதுகளில் மூன்றை அது வென்றது.

சினிமாவில் தெரியாத நுட்பம் ஒன்று அந்தப் பள்ளியில் உண்டு. அதன் வகுப்பறைகள் நேர்த் தெற்கைப் பார்க்கவில்லை. தெற்கிலிருந்து 30 டிகிரி கிழக்கே திரும்பி நிற்கின்றன. விடுதி அறைகளோ நேர்த் தெற்கைப் பார்க்கின்றன. காரணம் எளிது. வகுப்பறைக்குச் சூடு காலை ஒன்பது மணிக்கு வேண்டும். எனவே காலை வெயிலை நோக்கித் திரும்பி, பெரிய ஜன்னல் வழியே நேராக உள்ளே வாங்கிக்கொள்கிறது. விடுதி பகலில் காலி. அங்கே சூடு வேண்டியது பிள்ளைகள் படுக்கும் நேரத்தில். எனவே அங்கே வைத்திருப்பது டிராம்ப் சுவர்.

கண்ணாடிக்குப் பின்னால் சிறிது இடைவெளி விட்டு, கருமை பூசிய தடித்த சுவர் எழுப்பினால் அது டிராம்ப் சுவர். பகல் முழுவதும் சுவரின் வெளிமுகம் சூடேறும். அந்த வெப்பம் சுவருக்குள் மெல்ல ஊர்ந்து உள்முகத்துக்கு வரும். ஓரடி தடித்த மண்சுவரைக் கடக்க அதற்கு எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். நண்பகலில் விழுந்த வெயில், இரவு ஒன்பது மணிக்குப் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. 1967-இல் பிரெனீஸ் மலையிலுள்ள ஓடெய்யோவில் பெலிக்ஸ் டிராம்ப் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், ஜாக் மிஷெல் என்ற கட்டடக் கலைஞரோடு சேர்ந்து இத்தகைய வீட்டைக் கட்டினார். அவர் பெயரே சுவருக்கு நிலைத்துவிட்டது. ஆனால் இதே யோசனைக்கு எட்வர்ட் மோர்ஸ் என்ற அமெரிக்கர் 1881-இலேயே காப்புரிமை வாங்கியிருந்தார். எண்ணெயும் நிலக்கரியும் மலிவாகக் கிடைத்த காலத்தில் அவர் சொன்னதை யாரும் சட்டை செய்யவில்லை.

மூன்றாவது வேலை, விடாமல் காப்பது. தெளிந்த வானமுள்ள இரவில் கூரை வெப்பத்தை வானத்துக்கு வாரி வழங்கும். அதனால் ஃபேயில் கூரையிலும் வெளிச்சுவரிலும் மரச்சீவல், கழிவுக் காகிதம் போன்ற இலேசான பொருட்களை நிரப்பிக் காப்பு செய்திருக்கிறார்கள். இவற்றின் இடுக்குகளில் அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றுதான் உண்மையான போர்வை. சேமிக்கத் தெரியாத காற்றுக்குத் தடுக்கத் தெரியும்.

கடைசியாக, மாணவர்களே ஒரு வெப்ப மூலம். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவரிடமிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளியேறும். நாற்பது பேர் உட்கார்ந்த வகுப்பில் நான்கு கிலோவாட். காப்பு சரியாக இருந்தால் இதுவே அறையின் குளிரில் கணிசமான பங்கை விரட்டும்.

வெயில் இல்லாத ஊரில்

லடாக்குக்கு வெயில் இருக்கிறது. மேகம் மூடிய குளிர்நாட்டில் என்ன செய்வது? இதற்குப் பதில் தேடத் தமிழர் அதிகம் வாழும் இன்னொரு ஊருக்குப் போகலாம். கனடாவின் ஸ்கார்பரோ. அங்குள்ள டொராண்டோ பல்கலைக்கழக வளாகத்தில்தான் உலகத் தமிழர்களின் நன்கொடையில் தமிழ் இருக்கை அமைந்தது. அதே வளாகத்தில் 2015-இல் சுற்றுச்சூழல் அறிவியல், வேதியியல் துறைகளுக்கான கட்டடம் திறக்கப்பட்டது. டயமண்ட் ஷ்மிட் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது.

பல்கலைக்கழகக் கட்டடங்களிலேயே ஆற்றலை அதிகம் விழுங்குவது வேதியியல் ஆய்வுக்கூடம். நச்சுப் புகையை வெளியேற்ற அதன் காற்றை இடைவிடாமல் மாற்ற வேண்டும். சூடாக்கிய காற்றை வெளியே தள்ளிவிட்டு உறைகுளிர்க் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். நொடிக்கு ஒரு கன மீட்டர் காற்றை மைனஸ் 20-இலிருந்து 20 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 50 கிலோவாட் தேவை. சுவரை எவ்வளவு தடிப்பாகக் கட்டினாலும் இந்தச் செலவு குறையாது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. முதலாவது, வெளியேறும் காற்றிடமிருந்து வெப்பத்தைப் பறித்துக்கொள்வது. இரு காற்றோட்டங்களும் கலக்காமல், மெல்லிய தகடுகளின் இருபுறமும் எதிரெதிராக ஓடும்போது வெப்பம் மட்டும் இடம் மாறும். நல்ல கருவி ஐந்தில் நான்கு பங்கு வெப்பத்தை மீட்டுவிடும். ஐம்பது கிலோவாட் பத்தாகிவிடும்.

இரண்டாவது தீர்வு ஸ்கார்பரோ கட்டடத்தின் சிறப்பு. உள்ளே வரும் காற்றைத் தரைக்கடியில் புதைத்த பெருங்குழாய்கள் வழியே இழுக்கிறார்கள். இதன் சூட்சுமம் மாகறலில் கிணற்றடியில் குளித்த எவருக்கும் தெரியும். மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரை மதியத்தில் சில்லென்று இருக்கும். நீர் மாறுவதில்லை, மாறுவது வெளிக்காற்று. சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி அது நிற்கும். டொராண்டோவில் அது 10 டிகிரிக்குப் பக்கத்தில். உறைகுளிர்க் காற்று அந்த மண்ணைத் தொட்டு வரும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது. கோடையில் அதே குழாய், சூடான காற்றைக் குளிர்வித்து அனுப்புகிறது.

குளிர்நாட்டுக் கட்டடத்துக்கு இன்னொரு அளவுகோலும் உண்டு. 1977-இல் கனடாவின் ரெஜைனா நகரில் கட்டிய சஸ்காட்செவன் சேமிப்பு வீடு, தடித்த காப்பும் காற்றுக் கசியாத சுவரும் வெப்ப மீட்பும் இருந்தால் உலை தேவையில்லை என்று காட்டியது. 1991-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் வோல்ப்காங் பைஸ்ட் கட்டிய வீடு, பாசிவ் ஹவுஸ் என்ற தரநிலைக்கு வித்திட்டது. அறையைச் சூடாக்க ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட்டுக்கு மேல் ஆகக்கூடாது என்பது அதன் விதி. ஆயிரம் சதுர அடிக்கு ஆண்டு முழுவதும் சுமார் 1,400 யூனிட் மட்டுமே. காற்று கசியக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உள்ளிருக்கும் ஈரக்காற்று சுவரின் இடுக்கில் புகுந்து குளிர்ந்தால் நீராகிவிடும். பூஞ்சை பிடித்துச் சுவரே உளுத்துப்போகும்.

கண்ணாடியின் கதை

இப்போது நம் நெடுஞ்சாலைகளில் எழும் கல்லூரிகளைப் பாருங்கள். முகப்பு முழுக்கக் கண்ணாடி. ‘வெளிநாட்டு மாதிரி’ என்று பெருமையாகச் சொல்வார்கள். வெளிநாட்டுக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வெளியே மைனஸ் 20, உள்ளே 20 என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கண்ணாடியின் ஒவ்வொரு சதுர மீட்டர் வழியாகவும் சுமார் 230 வாட் வெளியேறும். இடையில் ஆர்கான் வாயு நிரப்பி, பூச்சு பூசிய மூன்றடுக்குக் கண்ணாடியில் 32 வாட். நன்றாகக் காப்பு செய்த சுவரில் ஆறே வாட். அந்த மூன்றடுக்குக் கண்ணாடியைவிடக் காப்புச் சுவர் ஐந்து மடங்கு சிக்கனம். அதனால்தான் விவரம் தெரிந்த குளிர்நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் ஜன்னலைத் தெற்கில் எண்ணி எண்ணி வைக்கிறார்கள்.

குளிர்நாட்டில் கண்ணாடிக்கு ஒரு நியாயமாவது உண்டு; வெயிலை உள்ளே பிடித்து வைக்கும். நமக்கு அந்த நியாயமே பகை. மேற்கு பார்த்த கண்ணாடி முகப்பில் பிற்பகல் வெயில் நேராக நுழைந்து மேசையையும் தரையையும் சூடாக்குகிறது. அவை வெளியிடும் அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியைத் தாண்டிப் போக முடியாது. லடாக்கில் கீரை வளர்க்கும் பசுமைக்குடிலை நாம் வகுப்பறையாகக் கட்டி, பிறகு அதைக் குளிர்விக்க ஏசி வாங்குகிறோம்.

மாகறலுக்கு என்ன கணக்கு?

லடாக்கைப் பார்த்து அப்படியே கட்டுவதும் தவறாகிவிடும். டிராம்ப் சுவரை மாகறலில் வைத்தால் சூளையில் குடியிருக்க நேரும். குளிர்விக்கும் கட்டடத்தையும் அப்படியே எடுத்துவர முடியாது. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மிக் பியர்ஸ் 1996-இல் கட்டிய ஈஸ்ட்கேட் வளாகம், கரையான் புற்றின் காற்றோட்டத்திலிருந்து பிறந்தது என்று புகழ் பெற்றது. இரவின் குளிர்காற்றைக் கான்கிரீட்டில் ஏற்றிவைத்து, பகலில் அதை வைத்து அறைகளைக் குளிர்விக்கும் கட்டடம் அது. ஹராரே சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே இரவு நன்றாகக் குளிரும். அக்னி நட்சத்திரத்தில் காஞ்சிபுரத்து இரவு 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்க மறுக்கும். ஹராரேயில் வெற்றி பெற்ற முறை இங்கே பாதிப் பலன்கூடத் தராது. சேமிக்கக் குளிர் இல்லாத ஊரில், வெயிலை வாங்காமலிருப்பதே முதல் உத்தி.

ஒரு விஷயத்தில் மட்டும் லேயும் மாகறலும் ஒத்துப்போகின்றன. இரண்டு ஊரிலும் கட்டடம் கிழக்கு மேற்காக நீண்டிருக்க வேண்டும். லேயில் அது தெற்கு வெயிலை அள்ள. மாகறலில் மேற்கு வெயிலைத் தவிர்க்க. காலையிலும் மாலையிலும் தாழ்ந்து வரும் வெயிலை எந்தச் சன்ஷேடாலும் தடுக்க முடியாது. குறுகிய சுவரை அந்தப் பக்கம் திருப்பி வைத்து, படிக்கட்டையும் சாமான் அறையையும் அங்கே ஒதுக்குவதே வழி. தெற்கு, வடக்கு ஜன்னல்களுக்குச் சன்ஷேடும் தாழ்வாரமும் போதும். உச்சியைத் தாண்டிச் சூரியன் வடக்கே போகும் மாதங்கள் நமக்கு உண்டு என்பதால் வடக்குக்கும் நிழல் தேவை.

நமக்குப் பெரிய எதிரி கூரை. ஐந்து அங்குலக் கான்கிரீட் தளத்தைக் கடக்க வெப்பத்துக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பகல் பன்னிரண்டு மணி வெயில் மூன்று மணிக்கு மேல் கூரையின் அடிப்பக்கம் வந்து, கடைசிப் பீரியடில் பிள்ளைகள் தலைமேல் இறங்குகிறது. ட்ருக் பள்ளியில் நேரம் பார்த்து வெப்பத்தை வரவழைத்தார்கள். நம் கூரையில் அது தவறான நேரத்தில் தானே வருகிறது. பழைய கட்டடங்களில் சுண்ணாம்பு ஜல்லித் தளம் போட்டு, மேலே தட்டோடு பதித்தது இதற்குத்தான். இன்று வெள்ளைப் பூச்சோ வெள்ளை ஓடோ போட்டு வெயிலைத் திருப்பி அனுப்பலாம். சோலார் பலகைகளைத் தளத்திலிருந்து உயர்த்திப் பொருத்தினால் மின்சாரமும் கிடைக்கும், கூரைக்கு நிழலும் கிடைக்கும்.

மண்ணைப் பொறுத்தவரை நாம் லடாக் வரை போக வேண்டியதில்லை. 1989-இல் தொடங்கிய ஆரோவில் மண் கட்டடக்கலை நிறுவனம், மண்ணோடு சிறிதளவு சிமெண்ட் கலந்து அழுத்தி, சூளையில் வேகவைக்காமலே கல் செய்யும் முறையை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்து வருகிறது. அந்தக் கல்லால் கட்டிய ஆரோவில் பார்வையாளர் மையம் 1992-இல் ஹசன் பாத்தி விருது பெற்றது. ஏழைகளுக்கான கட்டடக்கலையைப் போற்றும் விருது அது. சூளைக்கு எரிக்கும் விறகும் நிலக்கரியும் மிச்சம். கட்டடம் திறப்பதற்கு முன்பே செலவாகிவிடும் ஆற்றலையும் கணக்கில் சேர்த்தால்தான் ‘பசுமைக் கட்டடம்’ என்ற பெயருக்குப் பொருள் உண்டு.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ கல்லூரிக்கோ புதிய கட்டடம் வரும்போது, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவர்களும் பெற்றோரும் பொறியாளரிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். நீளம் எந்தத் திசையில்? மேற்குச் சுவரில் என்ன இருக்கிறது? கூரைமேல் என்ன போடப் போகிறீர்கள்? காற்று எங்கே நுழைந்து எங்கே வெளியேறும்? இதைக் கேட்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை, பணமும் கூடுதலாகச் செலவாகாது. அஸ்திவாரம் தோண்டிய பிறகு கேட்டால்தான் செலவு. வடக்குத் திசையைக் குறிக்காத வரைபடத்தைக் கொண்டுவந்தால், குறித்துக்கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.